கூரை கழற்றுற ரெண்டு சீற் காருக்குள்ள சாமான் அடுக்கிறது எப்பிடி? (கிளிநொச்சி - நுவரெலியா)

இரணைமடுக்காரன்
எல்லாருக்கும் வணக்கம். ஹொண்டா எஸ்660 ஒண்டு கைமாறி எடுத்து கிளிநொச்சியில வைச்சு ஓடுறன். காரைத் தெரியாத ஆக்களுக்காகச் சொல்லுறன், ரெண்டே ரெண்டு சீற், 658 சிசி ரேர்போ எஞ்சின் சீற்றுக்குப் பின்னால கிடக்கு, அதால பின்னுக்கு டிக்கி எண்டு ஒண்டுமே இல்லை. மேல இருக்கிற துணிக்கூரையைக் கையால கழற்றி பாய் மாதிரிச் சுருட்டி முன் பொனற்றுக்குக் கீழ இருக்கிற பெட்டிக்குள்ள வைக்கோணும். கூரை மேல பூட்டிக் கிடந்தா அந்தப் பெட்டிக்குள்ள சாமான் வைக்கலாம், கூரையைக் கழற்றினா பெட்டி கூரைக்குத்தான், சாமானுக்கு இடமில்லை.

வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் முடிய ஆனி மாதம் நானும் மனுசியும் நுவரெலியா போறம். ஒரு கிழமைக்குக் கிட்ட நிப்பம். போற வழியில மாத்தளையில மாமி வீட்டை இறங்கோணும், அவவுக்கு இஞ்ச இருந்து அரிசியும் முல்லைத்தீவுக் கருவாடும் கொண்டு போகோணும். நுவரெலியாக் குளிருக்குச் சுவெற்றர் வேற. வீட்டில எல்லாரும் வானைப் பிடிச்சுக் கொண்டு போ எண்டுதான் சொல்லுகினம். ஆனா விடியப்புறம் கூரையைக் கழற்றிப் போட்டு ஏ9 றோட்டில மாங்குளம் பக்கம் காட்டு வாசத்தோட ஓடுறதுக்குத்தான் நான் இந்தக் காரையே எடுத்தனான், அதை விட்டிட்டு வானுக்குள்ள குந்திக்கொண்டு போக மனம் கேக்குதில்லை. அனுபவப்பட்ட ஆக்கள் வடிவாச் சொல்லித் தாங்கோ.

ஒட்டுசுட்டான் தம்பி
அண்ணை, ஆனி மாதம் எண்டா சோளகக் காத்து அடிக்கிற காலம், எங்கட பக்கம் ஒரு துளி மழை வராது. கூரையை வீட்டை கழற்றி வைச்சிட்டுப் போங்கோ, முன் பெட்டி முழுக்கச் சாமானுக்கு. பிரச்சினை முடிஞ்சுது. என்ர சிநேகிதன் ஒருத்தன் ஜீப்புக்கு அப்பிடித்தான் செய்யிறவன்.

குளத்தடி ஐயா
தம்பி ஒட்டுசுட்டான், நீர் வன்னியை மட்டும் நினைச்சுச் சொல்லுறீர். இஞ்ச சோளகத்தில புழுதி பறக்கிற அதே நேரம்தான் அங்க மலைநாட்டில தென்மேல் பருவமழை. கண்டி தாண்டி றம்பொடைப் பக்கம் ஏறத் தொடங்கினா ஒரு வளைவுக்கு வெயில் அடுத்த வளைவுக்கு மழை, அதோட பனிப்புகார். நுவரெலியா 1868 மீற்றர் உயரத்தில கிடக்கு. கூரை இல்லாமப் போனா சாமான் மட்டும் இல்லை, இரணைமடுத் தம்பியும் மனுசியும் நனைஞ்சு காய்ச்சல் வந்து படுப்பினம். ரெண்டாவது, இரவு காரை எங்க விடுறது? லொட்ஜ் முத்தத்தில கூரை இல்லாமக் கார் நிக்கேலாது.

கூரையைக் கட்டாயம் கொண்டு போகோணும். அப்ப என்ன அர்த்தம் எண்டா, இந்தக் காருக்குள்ள முதலாவது சாமானே கூரைதான். உடுப்புப் பெட்டியைப் பற்றி யோசிக்க முந்தி கூரை எந்த நேரம் எங்க இருக்கப் போகுது எண்டு முடிவெடும், மிச்சம் தானா வரும்.

புதுக்குடியிருப்பு - ரொறன்ரோ
ஐயா சொல்லுறது நூற்றுக்கு நூறு சரி. நான் புதுக்குடியிருப்பு, இப்ப ரொறன்ரோ. என்னட்டை கோர்வெற் சி6 இருக்கு. அதில கூரை துணி இல்லை, ஒரு முழுப் பலகைத் துண்டு, மூண்டு பூட்டைத் திறந்து ரெண்டு பேர் பிடிச்சுத் தூக்கோணும், தனி ஆளாத் தூக்கினா சாயம் கீறுப்படும். கழற்றினதைப் பின்னுக்கு இருக்கிற சாமான் இடத்தில அதுக்கெண்டு செய்த பூட்டில மாட்டோணும். இடம் பெரிசு, 600 லீற்றருக்கு மேல, ஆனா கூரை உள்ள போனா அது ஒரு தட்டு போல நடுவில வந்திடும், அதுக்குக் கீழ போகக்கூடிய உயரத்துக்குத்தான் பை வைக்கலாம். அதால நாங்கள் எங்கயும் தூரம் போகேக்க எப்பவும் கூரை உள்ள கிடக்கிற கணக்கிலதான் அடுக்கிறது. கூரை மேல கிடக்கு, இடம் இருக்கு எண்டு உயரமா அடுக்கிப் போட்டு, வழியில வெயில் நல்லாயிருக்கு கழற்றுவம் எண்டு நினைச்சா றோட்டில சாமானை இறக்கி வைச்சுக்கொண்டு நிக்கோணும்.

மற்றது முக்கியமான விசயம், கழற்றின கூரையைப் பூட்டாம சும்மா சாய்ச்சு வைச்சுக்கொண்டு ஓடக்கூடாது. சடாரெண்டு பிறேக் பிடிச்சா அது முன்னுக்கு வந்து கழுத்துக்குத்தான் அடிக்கும். எந்தக் காரெண்டாலும் பூட்டு விழுந்த சத்தம் கேட்ட பிறகுதான் ஏறோணும். ஊரில இப்பிடி ஒரு கார் ஓடுது எண்டு வாசிக்க உண்மையா நெஞ்சு நிறைஞ்சு போச்சு தம்பி.

தேன்நாட்டான்
மட்டக்களப்பில இருந்து. கூரையும் சாமானும் ஒரே இடத்துக்குச் சண்டை பிடிக்கிறது எஸ்660ல மட்டும் இல்லை. 1991ல வந்த சுசுகி கப்புச்சீனோவில கூரை மூண்டு துண்டாக் கழரும், மூண்டையும் டிக்கிக்குள்ளதான் அடுக்கோணும், அடுக்கினா டிக்கி நிரம்பிடும். அதில ஒரு நல்ல விசயம், ரெண்டு பக்கத் துண்டை மட்டும் கழற்றி நடுத்துண்டை அப்பிடியே விடலாம், அப்ப காத்தும் வரும், டிக்கியில கொஞ்ச இடமும் மிஞ்சும். உங்கட காரில அந்த வசதி இல்லை, ஆனா பின் கண்ணாடி தனியா இறங்கும்தானே? மழைக்குக் கூரை போட்டிருக்கேக்க அந்தக் கண்ணாடியையும் ரெண்டு பக்க ஜன்னலையும் கொஞ்சம் இறக்கி விட்டாலே எஞ்சின் சத்தமும் காத்தும் நல்லா வரும். கூரை கழற்றினாத்தான் சந்தோசம் எண்டில்லை.

நெளுக்குளம் அக்கா
தம்பி, எங்கட வீட்டில பழைய யூனோஸ் றோட்ஸ்ரர் நிக்குது, மஸ்டாவின்ர. அதில கூரை சீற்றுக்குப் பின்னால மடியும், டிக்கியை அது தின்னாது, ஆனா டிக்கியே சின்னன், அதுக்குள்ளயே பற்றறியும் ஸ்பெயார் வீலும். புது மொடலிலயும் 130 லீற்றர்தான். இப்பிடிக் காருக்குள்ள அடுக்கிற வேலை எப்பவும் என்ர கையிலதான், அதால கொஞ்சம் விரிவாச் சொல்லுறன்.

முதல்ல வீட்டில இருக்கிற சில்லுப் பூட்டின சூட்கேஸ் எல்லாத்தையும் மறந்திடுங்கோ. அதின்ர சில்லும் கைபிடியும் மூலையுமே பாதி இடத்தைப் பிடிக்கும். துணிப் பை, அதுவும் ஒரு பெரிய பை இல்லை, ஆளுக்கு ரெண்டு சின்னப் பை. சின்னப் பை எண்டா வளைவுக்குள்ள, மூலைக்குள்ள, சீற்றுக்கடியில எல்லாம் அமுக்கலாம். உடுப்பை மடிக்காம இறுக்கிச் சுருட்டி வையுங்கோ. பாரமான ஜீன்ஸ் ஒண்டு போதும், அதையும் போட்டுக்கொண்டு போங்கோ. சப்பாத்து ஒரு சோடி, அதுவும் காலில. துவாய் லொட்ஜில தருவினம், கொண்டு போகாதேங்கோ. நுவரெலியாவில ஈரம் காயாது, அதால தோய்ச்சுப் போடலாம் எண்ட நினைப்பில உடுப்பைக் குறைக்கவும் வேண்டாம், உள்ளுடுப்பும் காலுறையும் மட்டும் கூடக் கொண்டு போங்கோ, அது இடம் பிடிக்காது.

சுவெற்றருக்கு வாறன். இதைத்தான் எல்லாரும் பெரிய பிரச்சினை எண்டு நினைக்கிறது, பாரமில்லை, ஆனா ஊதிக் கிடக்கும். அதைப் பையுக்குள்ள வைக்காதேங்கோ. தலாணி உறை ஒண்டுக்குள்ள அடைஞ்சு மனுசியின்ர நாரிக்குப் பின்னால குடுங்கோ. அந்தக் காரில சீற்றைச் சாய்க்க இடமில்லை, பின்னால எஞ்சின் சுவர், கண்டி மட்டும் 250 கிலோமீற்றருக்குக் கிட்ட இருந்து போற பிள்ளைக்கு அது நாரிக்கு ஆதரவு. விடியப்புறம் கூரை இல்லாம ஓடேக்க வன்னியிலயே குளிரும், அப்ப எடுத்துப் போடவும் கிட்டவா இருக்கும்.

மனுசியிட்ட முதல்லயே கேளுங்கோ அவவுக்கு என்னென்ன கட்டாயம் வேணும் எண்டு. நீங்களா முடிவெடுத்து அவவின்ர பையைக் குறைச்சுப் போட்டு வழி முழுக்க முகத்தைப் பாத்துக்கொண்டு போறது நல்ல பயணம் இல்லை.

ஒட்டுசுட்டான் தம்பி
ஐயா சொன்ன மழைக் கணக்கு சரிதான், அதை ஏற்றுக்கொள்ளுறன். அப்ப இன்னொரு வழி. பின் எஞ்சின் மூடிக்கு மேல பை கட்டுறதுக்குக் கம்பித் தட்டு வெளிநாட்டில விக்கிறாங்கள், படம் பாத்தனான். அதைப் பூட்டினா?

ரயர்க்கடை
பூட்டாதேங்கோ, இந்தப் பயணத்துக்கு வேண்டவே வேண்டாம். எஞ்சின் நடுவில கிடக்கு, அந்த மூடியில இருக்கிற ஓட்டையளாலதான் சூடு வெளியேறுது. கண்டியில இருந்து மேல ஏறேக்க எஞ்சின் முழு மூச்சா வேலை செய்யும், அந்த நேரம் ஓட்டைக்கு மேல பையையும் தறப்பாளையும் போட்டுக் கட்டினா சூடு எங்க போறது? பையும் வேகும், பின்னுக்கு வாறவனுக்கு லைற்றும் வடிவாத் தெரியாது.

நான் சொல்ல வந்த விசயம் வேற. இந்தக் காருக்கு ஸ்பெயார் வீல் இல்லை. முன் ரயர் 165/55 15, பின் ரயர் 195/45 16, முன்னையும் பின்னையும் மாத்திப் போடவும் ஏலாது. பின் ரயர் வெட்டுப்பட்டா மாங்குளத்திலயோ மதவாச்சியிலயோ கடையில தூக்கித் தர அந்த அளவு கிடைக்கிறது கஷ்டம். அதால சாமான் அடுக்கிற கணக்கில கட்டாயம் இடம் ஒதுக்க வேண்டியது: 12 வோல்ற் கொம்பிறசர், பஞ்சர் ஒட்டுற இழைக்கட்டும் ஊசியும், ஒரு சின்ன ரோச். இதை அடியில வைச்சு மூடாதேங்கோ, பஞ்சர் எண்டா றோட்டுக்கரையில எல்லாத்தையும் கொட்டித்தான் எடுக்கோணும். மனுசியின்ர சீற்றுக்கு முன்னால காலடியில, கதவுப் பக்கமா.

பாரமும் கவனம். வெறும் காரே 850 கிலோ அளவுதான், நிலத்துக்கும் அடிக்கும் இடையில 125 மில்லிமீற்றர், அஞ்சு அங்குலம் கூட இல்லை. ரெண்டு பேர் ஏறி அரிசி மூட்டையும் வைச்சா எங்கட ஒழுங்கைக் கிரவலில அடி தட்டும். முன் பெட்டிக்குள்ள பாரச் சாமான் போடவே கூடாது, அது பிளாஸ்ரிக் பெட்டி, உடுப்பு வைக்கத்தான்.

முறிகண்டிக் கச்சான்
அரிசியும் கருவாடும் பற்றி ஒருத்தரும் சொல்லேல்லை. ரேடியேற்றர் முன்னுக்குக் கிடக்கிற கார், அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில சூடு வரும், அதுக்குள்ள கருவாட்டை வைச்சா மாத்தளை போய்ச் சேர முந்தி மணம் கூரைத் துணியில ஏறிடும், பேந்து எத்தினை தரம் காய விட்டாலும் போகாது. கிளிநொச்சியில இருந்து போற பஸ்ஸில பார்சலாப் போட்டு விடுங்கோ அண்ணை. உரப்பையில கட்டி, மேல பேரும் ரெலிபோன் நம்பரும் பெயின்ற்றால எழுதி, பஸ் நம்பரை மாமிக்குச் சொன்னால் அவையள் தம்புள்ளையிலயோ கண்டியிலயோ ஆளை விட்டு எடுப்பினம். அரிசிக்குக் காசு குடுத்து அனுப்பிறதோ எண்டு யோசிக்காதேங்கோ, எங்கட வயல் அரிசிக்கு அவையள் வைச்சிருக்கிற ஆசை வேற.

மாமியின்ர கையில நீங்களாக் குடுக்கோணும் எண்டா கச்சான் இருக்கு. முறிகண்டியில எப்பிடியும் நிப்பியள், பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்காம ஆர் போறது. அங்க வறுத்த கச்சான் ரெண்டு மூண்டு பை வாங்கிக் கதவுப் பொக்கற்றுக்குள்ள செருகலாம், பாரமில்லை, மணம் வந்தாலும் நல்ல மணம்தான்.

ஆனா கோயிலடியில இறங்கேக்க ஒண்டைக் கவனியுங்கோ. கூரை இல்லாமக் கார் நிண்டா பொனற் திறக்கிற லீவர் உள்ளுக்குத்தான் கிடக்கு, கையை விட்டு இழுத்தா முன் பெட்டியும் திறபடும். பூட்டின கதவுக்கு அர்த்தமே இல்லை. பாஸ்போட், காசு, நகை எல்லாம் தோளில போடுற பையில, ஆளோட இறங்கோணும். தம்புள்ளையில குரங்குக்கும் இதே கதை, அங்க நிண்டு சாப்பிடுறதெண்டா கூரையைப் போட்டு ஜன்னலையும் ஏத்திப் போட்டுப் போங்கோ.

இரணைமடுக்காரன்
எல்லாருக்கும் பெரிய நன்றி, இவ்வளவு எழுதுவியள் எண்டு நினைக்கவே இல்லை. அக்கா சொன்ன மாதிரி மனுசியோட இருந்து கதைச்சனான். ஆளுக்கு ரெண்டு துணிப் பை சரி எண்டிட்டா. அரிசியும் கருவாடும் பஸ்ஸில. ஆனா கணக்கு இன்னும் உதைக்குது. கூரை முன் பெட்டிக்குள்ள போனா அந்த நாலு பையும் எங்க? அவ சொல்லுறா ரெண்டைக் காலடியில வைச்சு ரெண்டை மடியில வைச்சுக்கொண்டு வாறன் எண்டு. வவுனியா மட்டும்தானே கூரை இல்லாம ஓடப் போறம், பிறகு போட்டிடுவம். சரிவருமோ?

ரயர்க்கடை
மடியில வேண்டாம். அவவுக்கு முன்னால டாஷ்போட்டுக்குள்ள எயார்பாக் இருக்கு. அது வெடிச்சு விரியிற வேகத்துக்கு மடியில இருக்கிற பையும் அதுக்குள்ள கிடக்கிற போத்தலும் நெஞ்சிலயும் முகத்திலயும் அடிக்கும். பெல்ற்றும் பைக்கு மேலால போகும், இடுப்பில ஒழுங்காப் பிடிக்காது. டாஷ்போட்டுக்கு மேலயும் ஒண்டும் வைக்கக்கூடாது. காலடியில வைக்கிற பை கால் நீட்டக் கூடிய உயரத்துக்குத்தான் இருக்கோணும், அதோட உங்கட பக்கம் உருண்டு வராமக் கட்டோணும். பிறேக்குக்குக் கீழ ஒரு தண்ணிப்போத்தல் போனாக் காணும்.

ஒட்டுசுட்டான் தம்பி
அப்ப வவுனியா மட்டும் கூரை கழற்றேலாதோ? அண்ணைக்கு அதுதானே முக்கியம்.

குளத்தடி ஐயா
ஏன் ஏலாது. பை முந்திப் போகட்டும். வவுனியாவில நெருங்கின ஆக்கள் ஆராவது இருப்பினம்தானே தம்பிக்கு. முதல் நாள் பின்னேரம் அந்தப் பக்கம் போற ஆரிட்டயாவது நாலு துணிப் பையையும் குடுத்து விட்டா, அடுத்த நாள் விடிய கூரையைப் பெட்டிக்குள்ள வைச்சிட்டு காலடியில பஞ்சர் சாமான் பை ஒண்டு, தோள் பை ஒண்டு, அவ்வளவோட கிளிநொச்சியில இருந்து வெளிக்கிடலாம். முறிகண்டி, மாங்குளம், கனகராயன்குளம், புளியங்குளம், ஓமந்தை எல்லாம் திறந்த காரில. வவுனியாவில ஒரு பிளேன்ரீ குடிச்சு, கூரையைப் பூட்டி, பைகளைப் பெட்டிக்குள்ள அடுக்கிக்கொண்டு போகலாம். அதுக்கு அங்கால வெயிலும் ஏறிடும், கூரை போட்டு ஏசியில போறதுதான் புத்தி. திரும்பி வரேக்கயும் அதே இடத்தில பையை இறக்கிப் போட்டு வாரும்.

விடிய எண்டு சொன்னனான், இருட்டோட இல்லை. யானை நடமாட்டம் உள்ள பக்கம், வடிவா வெளிச்சுப் போட்டு வெளிக்கிடும்.

நெளுக்குளம் அக்கா
பையை எங்கட வீட்டிலயே குடுத்து விடுங்கோ தம்பி. நெளுக்குளம் வவுனியாவிலதானே, ஏ9ல இருந்து கொஞ்சம் உள்ள வரோணும், காலமைச் சாப்பாட்டையும் இஞ்ச முடிச்சிட்டுப் போகலாம். தனிமடலில விலாசம் அனுப்புறன்.

கூரையைச் சுருட்ட முந்தி ஒரு விசயம், இதை எல்லாரும் விடுறது. எங்கட செம்மண் புழுதி மா போலச் சன்னமா இருந்தாலும் துணிக்குள்ள சிக்குப்பட்டா அரைச்செடுக்கும். மெல்லிய தும்பு பிறஷ்ஷால ரெண்டு பக்கமும் தட்டி, பிறகு சுருட்டுங்கோ. ரப்பர் ஓரத்தை ஈரத்துணியால துடையுங்கோ, அதில புழுதி நிண்டா மழைக்கு ஒழுகும். நுவரெலியாவில நனைஞ்ச கூரையை ஈரத்தோட சுருட்டிப் பெட்டிக்குள்ள வைக்கவே கூடாது, பூஞ்சணம் பிடிச்சிடும். திரும்பி வரேக்க தம்புள்ளை வெயில் பட்டு நல்லாக் காய்ஞ்ச பிறகுதான் கழற்றலாம்.

பெட்டிக்குள்ள போற உடுப்புப் பையளை நல்லாக் கழுவிக் காய வைச்ச உரப்பைக்குள்ள போட்டுக் கட்டுங்கோ. தண்ணியும் போகாது, புழுதியும் போகாது.

புதுக்குடியிருப்பு - ரொறன்ரோ
அக்காவின்ர வீட்டுச் சாப்பாடும் சேர்த்து நடக்கிற பயணமெண்டா எனக்கே வெளிக்கிட்டு வரோணும் போல கிடக்கு. தம்பி, ஒண்டு மட்டும் சேர்க்கிறன். கூரை இல்லாம ஓடேக்க கதவு உயரத்துக்கு மேல எதுவும் நிக்கக்கூடாது. சொப்பிங் பை, தொப்பி, சால், பேப்பர், கச்சான் சுத்தின கடதாசி எல்லாம் காத்துச் சுழட்டி எடுத்துக்கொண்டு போயிடும், அது பின்னால மோட்டச்சைக்கிளில வாறவன்ர முகத்தில போய் ஒட்டினா அவன்ர உயிருக்கு ஆபத்து. சால் போடுறதெண்டா மனுசி அதைப் பெல்ற்றுக்குள்ள செருகிக் கட்டட்டும்.

இரணைமடுக்காரன்
இண்டைக்குப் பின்னேரம் முத்தத்தில வைச்சு ஒருக்கா அடுக்கிப் பாத்தம். கூரை மேல பூட்டிக் கிடக்கேக்க நாலு பையும் முன் பெட்டிக்குள்ள போகுது, ஆனா நீளப்பாட்டுக்கு வைச்சா மட்டும்தான், குறுக்க வைச்சா மூடி இறங்குதில்லை. நாலாவது பையைக் கொஞ்சம் மெலிக்கோணும், மனுசி என்ர ரெண்டாவது ஜீன்ஸை வெளிய எடுத்திட்டா. சுவெற்றர் தலாணி அவவுக்கு நல்லாப் பிடிச்சுப் போச்சு, இனி எப்பவும் அது காருக்குள்ளயே இருக்கட்டுமாம். கொம்பிறசரும் பஞ்சர் சாமானும் காலடியில கதவுப் பக்கம், சின்னப் பட்டியால சீற் தண்டவாளத்தில கட்டியாச்சு. அக்கா, தனிமடல் கிடைச்சுது, முதல் நாள் தம்பி வவுனியா வாறான், அவனிட்ட பையைக் குடுத்து விடுறன். சாப்பாட்டுக்குக் கட்டாயம் வாறம்.

ஒரு கேள்வி மிச்சம். திரும்பி வரேக்க நுவரெலியாவில இருந்து லீக்ஸ், கரட் கொண்டு வா எண்டு அம்மா சொல்லுறா. அதை எங்க வைக்கிறது?

நெளுக்குளம் அக்கா
கரட்டைக் கூட வாங்காதேங்கோ, ரெண்டு கிலோவோட நிப்பாட்டுங்கோ, இலையை அங்கயே முறிச்சுப் போட்டு வாங்கினாப் பாதி இடம் மிச்சம். லீக்ஸ் நீட்டு, அது அவவின்ர சீற்றுக்கும் கதவுக்கும் இடையில நிமிர்ந்து நிக்கும், பேப்பரில சுத்தி வையுங்கோ. சொப்பிங் பையில கட்டினா அவிஞ்சு போகும்.

ரயர்க்கடை
வெளிக்கிடுற அண்டு காலமை ரயர் ஆறிக் கிடக்கேக்க காத்துப் பாருங்கோ, ஓடிச் சூடான பிறகு இல்லை. எவ்வளவு அடிக்கோணும் எண்டு கதவு நிலையில ஒட்டியிருக்கிற ஸ்ரிக்கரில கிடக்கும். முன்னுக்குப் பின்னுக்கு வித்தியாசம் இருக்கா எண்டும் பாத்து அடியுங்கோ, அடிச்சு முடிய மூடியளைத் திருப்பிப் பூட்ட மறக்காதேங்கோ, இஞ்ச புழுதி வால்வுக்குள்ள போயிடும்.